கயிறு கட்டிய சூப்பான்

கூடு இறக்கும் நாளுக்கு முந்தின வாரம் எங்கள் ஹேக்ஸ் முனையில் யாரும் கதவைக்கூட அடித்துச் சாத்த மாட்டார்கள். நவம்பர் கடைசித் திங்கள் விடியலில் சிங்கிறால் பருவம் திறக்கும். அதற்கு முன்னால் படகுக்காரன் தூங்கித் தீர்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. அன்றைக்குப் படகின் தளம் தெரியாத அளவுக்குச் சிங்கிறால் பிடிக்கிற கம்பிக் கூடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரில் தள்ள வேண்டும். கூடு போகும்போது அதன் கயிறும் பின்னாலேயே சீறிக்கொண்டு ஓடும். அரைத் தூக்கத்தில் நிற்கிறவன் கால் அந்தக் கயிற்று வளையத்துக்குள் போனால் கூட்டோடு அவனும் போவான். அதனால் குரைக்கிற நாயைக் கொண்டுபோய் உறவுக்காரர் வீட்டில் விடுவார்கள். வீட்டுப் பெண்கள் சட்டியைக்கூடச் சத்தம் வராமல் அடுப்பில் வைப்பார்கள். அந்தப் பெண்கள் எப்போது தூங்குவார்கள் என்பது பற்றி வழக்கத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது.

இந்த வழக்கம் தெரியாதவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். எட்டு மாதக்காரி, டெல்லா.

டெல்லாவுக்கு வாயில் ரப்பர் சூப்பான் இருந்தால்தான் தூக்கம். மஞ்சள் நிறம், பின்னால் ஒரு வளையம். அதைச் சப்பிக்கொண்டே கண்ணை மூடுவாள். தூக்கம் ஆழமானதும் வாய் தளரும், சூப்பான் விழும். கொஞ்ச நேரத்தில் வாய் தேடும். கிடைக்காது. அப்புறம் அவள் போடுகிற சத்தம் மேல்தெரு வரைக்கும் கேட்கும். அவள் அம்மா ராக்ஸான் எழுந்துபோய் இருட்டில் போர்வையைத் தடவி, தொட்டிலுக்கு அடியில் தடவி, எடுத்து வாயில் வைப்பாள். படுத்துக் கண் சொருகும்போது மறுபடியும் விழும். வேனில் முடிந்ததிலிருந்து இதுதான் அந்த வீட்டு ராத்திரி.

ராக்ஸான் மீன் தொழிற்சாலையில் கத்திக்காரி. ஹாடக் மீனை இரண்டு இழுப்பில் முள்ளை விட்டுச் சதையைப் பிரிப்பாள். கத்தி வரிசையில் இடம் கிடைப்பது லேசில்லை. வந்த புதிதில் எல்லோரையும் பெட்டி மடிக்கிற மேசையில்தான் போடுவார்கள். ஐஸ் அள்ளி, பெட்டி மடித்து, தரையைக் கழுவி, அதற்கப்புறம் யாராவது ஓய்வுபெற்றால்தான் கத்தி. அவள் தன் கத்தியைத் தானே தீட்டுவாள். வேறு ஆள் தொட்டால் கடித்துவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே கத்தி அவள் இடது பெருவிரலுக்கு அடியில் இறங்கியது. மீன் என்று நினைத்துக் கையை அறுத்தாள். வலிகூட உடனே தெரியவில்லை, கை அவ்வளவு விறைத்திருந்தது. வெள்ளைச் சதைமேல் ரத்தத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஃபிலோமீன்தான் கத்தினாள்.

"அடி பாவி! நின்னுக்கிட்டே தூங்குறியா?"

"தூங்கல. கண்ண மூடித் திறந்தேன்."

"மூடுனதுக்கும் திறந்ததுக்கும் நடுவுல ரெண்டு மீன் போயிருச்சு பொண்ணே, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." ஃபிலோமீன் சுரெட் பிரெஞ்சுக்காரி, வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊர். துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "குழந்தைக்கு இன்னும் அந்த ரப்பர் வேணுமா?"

"அது இல்லாம கண்ணே மூட மாட்டேங்கிறா."

"லைல் எந்திரிக்கிறதில்லையா?"

புருஷன் பெயர் வந்ததும் ராக்ஸான் துணியின் முனையைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். ஃபிலோமீன் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். எல்லாவற்றுக்கும் அது போதும்.

மேற்பார்வையாளர் கிளேட்டன் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் பயந்தவர். காயத்தைப் பார்த்தார், கத்தியை எடுத்துத் துடைத்துத் தன் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம தூங்கி முழிச்சு வா. தெளிவா இருந்தா கத்தி உனக்கு. இல்லன்னா குளிர்காலம் முடியிற வரைக்கும் பெட்டி மடி. எனக்கு வேற வழி இல்ல ராக்ஸான். வெரல வெட்டிக்கிட்டேன்னா என்னையத்தான் கேப்பாங்க."

"அந்தக் கத்தி என்னோடது."

"திங்கக்கெழம," என்றார் அவர்.

சாயங்காலம் டெல்லாவை வெர்னா வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். வெர்னா, லைல் வேலை செய்கிற படகின் கேப்டன் பர்ட்டன் ஸ்விமின் மனைவி. பகலில் குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்வாள். ராக்ஸான் ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு வேகவைத்து, உப்பு மீனை உதிர்த்து, மேலே கொழுப்புத் துண்டுகளைப் பொரித்துக் கொட்டினாள். வெளியே தென்மேற்குக் காற்று சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. லைல் படகுத்துறையில் நாள் பூராவும் கூடு அடுக்கிவிட்டு வந்திருந்தான். தோளெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு, கயிற்று நாற்றம். கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"வெட்டிக்கிட்டேன்."

"ஆழமா?"

"கத்திய வாங்கிக்கிட்டாங்க."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கதவு திறந்தது. பர்ட்டன் வந்து நின்றார், தொப்பியைக் கழற்றாமல். எங்கள் துறையில் கேப்டன்கள் கதவைத் தட்டுவதில்லை.

"லைலு, நேத்து கூடு தூக்கையில நீ ஒரு தடவ தள்ளாடுன."

"வழுக்குச்சு கேப்டன்."

"வழுக்கல. கண்ணு சொருகிச்சு. போன வருஷம் உன் பூட்ஸ் போனது நெனப்பிருக்கா?"

போன வருஷம் லைலின் கால் கயிற்றில் மாட்டியது. பூட்ஸ் ஒரு அளவு பெரியது, அதனால் கழன்றது. பூட்ஸ் கூட்டோடு கடலுக்குள் போனது, லைல் தளத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்து சிரித்தான். அதற்கப்புறம் அரை மணி நேரம் வாந்தி எடுத்தான். ஊரில் சிரித்ததை மட்டும்தான் சொல்வார்கள்.

"இப்ப நீ போட்டிருக்கிறது அளவெடுத்த பூட்ஸ்," என்றார் பர்ட்டன். "அது கழலாது. அதனால சொல்றேன், திங்கக்கெழம வரைக்கும் எங்க வீட்ல வந்து படு. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. அங்க ஒரு சத்தம் இருக்காது." அப்புறம்தான் ராக்ஸான் பக்கம் திரும்பினார். "என்னம்மா, ரெண்டு மூணு ராத்திரிதான. நீ சமாளிச்சுக்க மாட்டியா?"

ராக்ஸான் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணுக்கு நேராக வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். உப்பு மீனையும் பார்த்தார்.

"நல்ல வாசன," என்றார்.

லைல் போனான். போகாமல் என்ன செய்வான், கேப்டன் கூப்பிட்டால் எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கோலத்தில் இருந்தாலும் போவான். ஆனால் போவதற்கு முன்னால் படுக்கை அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தான். வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"ஒரு வேல பண்ணியிருக்கேன். இனிமே உனக்குத் தேடுற கஷ்டம் இருக்காது."

அவன் குரலில் பெருமை இருந்தது. ராக்ஸானுக்கு அப்போது கேட்கக்கூடத் தெம்பில்லை. பாத்திரம் கழுவி, குழந்தையைப் போட்டு, அவளும் சாய்ந்தாள். முதல் அழுகைக்கு எழுந்து தொட்டிலுக்குள் கையை விட்டாள். விரலில் கயிறு தட்டியது.

விளக்கைப் போட்டாள். கூட்டுக்குள் வலை பின்னுகிற பச்சைக் கயிறு. ஒரு முனை தொட்டில் கம்பியில், அவிழவே அவிழாத படகு முடிச்சு. மறு முனை சூப்பானின் வளையத்தில். நடுவில் நல்ல நீளம் விட்டிருந்தான், குழந்தை புரள வேண்டுமே என்று. அந்த நீளம் டெல்லாவின் கையை ஒரு சுற்றுச் சுற்றித் தோளுக்கு மேலே கழுத்துப் பக்கம் கிடந்தது.

சமையலறைக்கு ஓடிப் போய் ரொட்டிக் கத்தியை எடுத்து வந்து தொட்டில் பக்கமாகக் கயிற்றை அறுத்தாள். சூப்பான் வளையத்து முடிச்சு மட்டும் அவிழவில்லை, மிச்சக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். மிச்ச ராத்திரி அவள் படுக்கவே இல்லை. நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சூப்பான் விழும், எடுத்து வைப்பாள், விழும்.

சனிக்கிழமை காலையில் மேல்தெருவில் அவள் நடந்து போனதைப் பலபேர் பார்த்தார்கள். தலைக்குக் குல்லாய் இல்லை. இடுப்பில் குழந்தை, கட்டுப்போட்ட கையில் பச்சைக் கயிறு. பர்ட்டன் வீட்டுச் சமையலறைக் கதவை அவளும் தட்டவில்லை.

பர்ட்டன் பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெர்னா அடுப்புப் பக்கம் நின்றாள். லைல் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தான், முகமெல்லாம் தலையணைக் கோடு. நன்றாகத் தூங்கிய முகம். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு எங்கேயோ பற்றிக்கொண்டது.

"நல்லாத் தூங்குனியா?"

"ம்," என்றான் லைல்.

"சத்தம் ஏதும் இல்லையே?"

"ராக்ஸான்..."

"தூங்குங்க. ரெண்டு பேரும் நல்லாப் பன்னி மாதிரி தூங்குங்க."

சமையலறை அப்படியே நின்றது. எங்கள் துறையில் அந்த மிருகத்தின் பெயரைப் படகுக்காரன் காதுபட யாரும் சொல்வதில்லை. அதன் கறியைத் தின்போம், கொழுப்பைப் பொரிப்போம், பெயரை மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னால் படகு திரும்பாது என்பார்கள். அதுவும் கூடு இறக்குகிற நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கேப்டனின் சொந்தச் சமையலறையில். கெட்டது விலக இரும்பைத் தொட வேண்டும். பர்ட்டன் கையை நீட்டி அடுப்பின் இரும்பைத் தொட்டார். லைலும் தொட்டான். அடுப்பு சூடாக இருந்தது, இருவரும் கையை உதறினார்கள்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றார் பர்ட்டன். "அவன் உசுரப் பத்தித்தான நான் யோசிச்சேன்!"

"யோசிச்சீங்க. அவன் காலுக்கு யோசிச்சீங்க. என் கைக்கு யாரு யோசிச்சா? நான் என்ன கரண்டியா புடிக்கிறேன் அங்க? முகத்தச் செரைக்கலாம் அந்தக் கத்தியால. அவன் தள்ளாடுனா ஊரே ஓடி வருது. நான் வெரல வெட்டிக்கிட்டா நல்ல வாசனங்கிறீங்க!"

"நான் மீனச் சொன்னேன்..."

"தெரியும் எதச் சொன்னீங்கன்னு." கயிற்றை மேசைமேல் போட்டாள், பீன்ஸ் தட்டுக்குப் பக்கத்தில். "இது என்னன்னு கேளுங்க. உங்க ஆளு என் மக தொட்டில்ல கட்டிட்டு வந்தது."

பர்ட்டன் கயிற்றைப் பார்த்தார். முனையில் மஞ்சள் சூப்பான் இன்னும் தொங்கியது. முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் லைலைப் பார்த்தார். அந்தப் பார்வை என் எதிரிமேலும் விழ வேண்டாம்.

"விழாம இருக்கத்தான் கட்டுனேன்," என்றான் லைல். குரல் இறங்கிப் போயிருந்தது. "படகுல எல்லாத்தையும் கட்டித்தான வைப்போம். கத்தி, குறடு, வாளி. கட்டாதது கடலுக்குன்னு..."

"கயித்துல கால மாட்டிப் பொழச்சு வந்தவன் நீ! அன்னிக்கு ராத்திரி பூரா என் மடியில தலைய வச்சு நடுங்குனியே, மறந்துபோச்சா? உனக்குப் பூட்ஸ் பெருசா இருந்துச்சு, கழண்டுச்சு. அவளுக்குக் கழுத்து கழலுமா?"

லைல் உட்கார்ந்துவிட்டான். முகத்திலிருந்த தலையணைக் கோடு வெளுத்துப் போயிருந்தது. குழந்தையை வாங்கக் கையை நீட்டினான், ராக்ஸான் கொடுக்கவில்லை. நேராகப் போய்ப் பர்ட்டன் மடியில் வைத்தாள்.

"நீங்க வச்சுக்குங்க. திங்கக்கெழம வரைக்கும். ரெண்டு ராத்திரிதான. சமாளிச்சுக்க மாட்டீங்களா?"

டெல்லா பர்ட்டனின் தாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் வெர்னாவைப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல். வெர்னா சட்டியைக் கிண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"என்னைய எதுக்குப் பாக்குற? மூணு பெத்தேன். மூணும் கூடு எறக்குற வாரத்துலதான் பல் மொளைச்சுதுங்க. நீ எந்த ரூம்ல படுத்திருந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா பர்ட்டன்? எனக்கு இருக்கு."

சூப்பான் கயிற்றோடு மேசையில் கிடந்தது. டெல்லா அதைப் பார்த்துச் சிணுங்க ஆரம்பித்தாள். பர்ட்டன் அவசர அவசரமாக அதை எடுக்கப் போனார்.

"கயிறு!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். லைல் எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்தான். அவனே போட்ட முடிச்சு, அவிழ நேரமானது.

"கட்டலன்னா வேற என்னதான் பண்றது?" என்றான், யாரையும் பார்க்காமல். "விழுறது விழத்தான் செய்யும்."

ராக்ஸான் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் போனதும் களைப்புதான் மிச்சம். வெர்னா டீயை ஊற்றி டின் பாலை விட்டு அவள் முன்னால் வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு ராக்ஸான் லைலிடம் கேட்டாள், ஏதோ சண்டையின் மிச்சம் போலத்தான் கேட்டாள்:

"கத்தியக் கட்டுவ. குறடக் கட்டுவ. சிங்கிறால் கொடுக்குல மாட்டுற ரப்பர் வளையத்தக் கட்டி வைப்பியா?"

"அத எதுக்குக் கட்டணும்? அது பெட்டி நெறைய கெடக்கும். கைய விட்டா ஒண்ணு வரும்."

"பாக்காமலே?"

"பாக்க எங்க நேரம்? கை தானாப் போயி..." லைல் நிறுத்தினான்.

எல்லோரும் அந்த ஒற்றை மஞ்சள் சூப்பானைப் பார்த்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கிறதத்தான் கட்டணும்," என்றார் பர்ட்டன் மெதுவாக.

"நீ எந்திரி," என்றாள் வெர்னா அவரிடம். "கோட்ட மாட்டு. கடைக்குப் போ. அங்க எத்தன தொங்குதோ அத்தனையும் வாங்கிட்டு வா."

"நானா?"

"நீதான். உன் யோசனதான அவன மாடியில படுக்க வச்சது."

ஹேக்ஸ் முனையின் மிகப் பெரிய படகுக்குச் சொந்தக்காரர், பருவத்துக்கு இரண்டு நாள் முன்னால், கடையில் இருந்த ரப்பர் சூப்பான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்த கதை மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. "கேப்டனுக்குப் பல்லு போச்சாமே" என்று ஒருவன் படகுத்துறையில் கேட்டான். "இல்லடா, இந்த வருஷம் கூட்டுல அதத்தான் எரையா வைக்கிறாரு" என்றான் இன்னொருவன். பர்ட்டன் காது சிவக்கக் கூடு எண்ணிக்கொண்டிருந்தார்.

லைல் அன்றைக்குத் தன் வீட்டுக்கே வந்துவிட்டான். பகலிலேயே ஆரம்பித்தார்கள். தொட்டிலுக்குள் சூப்பான்களைப் பரப்பினார்கள், தலைமாட்டில், இடுப்போரம், கால்மாட்டில். சிவப்பு, நீலம், பச்சை. தொட்டில் சந்தை மாதிரி இருந்தது. டெல்லா வாயிலிருந்து துப்பிவிட்டு அழுதாள். லைல் பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்து அவள் வாய்க்குக் கொண்டுபோனான்.

"வாயில வைக்காத. கையில குடு. ராத்திரி அவளே தேடி எடுத்துக்கணும்," என்றாள் ராக்ஸான்.

"அவளுக்கு எங்க தெரியும்?"

"வாய் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும். ஊர்ல இருக்கிற மண்ணையெல்லாம் அங்கதான கொண்டுபோறா."

கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்து வளையத்தைச் சப்பினாள். தூக்கி எறிந்தாள். கோபத்தில் முகம் கன்றிப்போய் அழுதாள். லைல் எழுந்து போய்ச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துச் சூப்பான்மேல் வைத்தான். அவ்வளவுதான், மிச்சத்தை அவளிடம் விட்டான். அன்று ராத்திரி ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு அழுகைக்கும் மாறி மாறி எழுந்தார்கள். வாயில் வைக்காமல் கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் ஞாயிறு, அதே வேலை. கோயிலுக்குப் போகவில்லை. அதையும் ஊர் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ராக்ஸான் பழக்கத்தில் விழித்தாள். தொட்டிலில் ஒரு சிணுங்கல். லைலும் விழித்துவிட்டான்.

"நான் போறேன்," என்றான்.

"இரு." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வை சரசரத்தது. கம்பியில் எதுவோ தட்டியது. சிணுங்கல் கொஞ்சம் ஏறியது, அழுகைக்கு ஒரு படி கீழே நின்றது. மறுபடியும் சரசரப்பு. அப்புறம் சப், சப் என்று அந்தச் சத்தம். இருவரும் மூச்சுவிடாமல் கிடந்தார்கள்.

"எந்தக் கலர எடுத்தாளோ தெரியல," என்றான் லைல்.

ராக்ஸான் சிரித்தாளா தூங்கிவிட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு தடவை டெல்லா நிஜமாகவே அழுதாள். அதற்கு லைல் எழுந்தான். ராக்ஸானுக்கு அது காலையில் அவன் சொல்லித்தான் தெரியும்.

திங்கள் விடியலில் ஊரே படகுத்துறையில் நின்றது. தண்ணீரிலிருந்து குளிர்ப் புகை எழுந்துகொண்டிருந்தது. படகுகள் கூடு பாரத்தில் விளிம்பு வரை அமுங்கி நின்றன. ராக்ஸான் வேலைக்கான ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். குழந்தை வெர்னா தோளில். லைல் தளத்தில் கயிறுகளுக்கு நடுவில் நின்றான். பர்ட்டன் மேலே சுக்கான் அறையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"என்ன வெர்னா, லைலு நல்லாத் தூங்குனானாம்! முகத்தப் பாத்தாலே தெரியுது!"

வெர்னா கரையில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் உறுமியது. கட்டு அவிழ்ந்து படகு விலக ஆரம்பித்தது. பர்ட்டன் அந்தப் பார்வையை விட்டுத் திரும்பினார், மறுபடியும் திரும்பிப் பார்த்தார். அது மாறவில்லை. சன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

"ராக்ஸான்! நீ தூங்குனியா?"

சத்தமாகத்தான் கேட்டார், ஊரே திரும்பிப் பார்த்தது. எங்கள் துறையில் கூடு இறக்குகிற அன்றைக்கு ஒரு கேப்டன் ஒரு பொம்பளையிடம் அதைக் கேட்டு நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதில்லை.

"தூங்குனேன்!" என்றாள் அவள். அப்புறம் தளத்தைப் பார்த்து, "லைலு, கயித்தப் பாத்துக் கால் வை!"

அவன் குனிந்து காலடியைப் பார்த்தான். கையைத் தூக்கிக் காட்டினான்.

தொழிற்சாலையில் கிளேட்டன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கையைப் பார்த்தார், கட்டுமேல் ரப்பர் உறை மாட்டியிருந்தாள். கத்தியை எடுத்துக் கொடுத்தார். ராக்ஸான் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். வலது கட்டைவிரலை அலகில் குறுக்கே வைத்து மெதுவாகத் தடவினாள். நின்றாள். மறுபடியும் தடவினாள். அலகு மழுங்கியிருந்தது.

"இதுல யாரு என்னத்த வெட்டுனது?"

கிளேட்டன் தொண்டையைச் செருமினார். "சனிக்கெழம கொஞ்சம் பெட்டிக் கயிறு..."

"கயிறா?" என்றாள் ராக்ஸான்.

ஃபிலோமீன் தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.